ரியாத்துக்குப் போன புளியாணம்

மேலப்பாளையத்தில் பீடி சுற்றிப் பிழைத்த பெண்களில் நஃபீஸத்தும் ஒருத்தி. எட்டாவது வரை படித்தவள். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் கணவன் சிராஜுதீனோடு அவள் சேர்ந்திருந்தது மொத்தம் ஏழு மாதம். மற்ற நாளெல்லாம் அவன் ரியாத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். வீட்டில் அவளும் மாமியார் ஜுபைதா பீவியும் மட்டும்தான்.

1994 ஐப்பசி மழையில் வந்த கடிதம் வழக்கம்போல் இல்லை. உம்மாவின் மூட்டுவலியை ஒரு வரியில் விசாரித்துவிட்டு, மிச்சம் இரண்டு பக்கமும் சோற்றைப் பற்றியே எழுதியிருந்தான். அறையில் ஏழு பேர். சமையல் செய்துவந்த வள்ளியூர் இஸ்ரவேல் விடுப்பில் ஊருக்குப் போய்விட்டார். இனி ஆளுக்கு ஒரு நாள் என்று முடிவாகி, சிராஜுதீனுக்குச் செவ்வாய்க்கிழமை விழுந்தது. அவன் வைத்த பருப்பை யாரும் தொடவில்லை. புளியாணம் எப்படி வைப்பது என்று எழுது, அதுதான் லேசு என்று நினைக்கிறேன் என்று முடித்திருந்தான்.

நஃபீஸத் பேனாவை எடுத்துப் ‘புளி’ என்று எழுதினாள். எவ்வளவு புளி? ரசம் மாதிரி தினமும் வைக்கிற ஆணம்தான், ஆனால் அளவு அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கல்லுப்பு ஒரு கை என்று எழுதிவிட்டு, அவன் கை தன் கையைப்போல் இரண்டு மடங்காச்சே என்று அடித்தாள். மூன்று தாளைக் கிழித்த பிறகு, சமைத்துக்கொண்டே பேசிப் பதிவு செய்துவிடலாம் என்று தோன்றியது. அவன் போன தடவை கொண்டுவந்த டேப் ரெக்கார்டர் அலமாரியில்தான் இருந்தது.

மாமியார் சம்மதிக்கவில்லை. “அங்கன அஞ்சு ஆம்பளைய இருக்காங்கல்லா? ஒன் கொரலு எல்லாத்துக்கும் கேக்குமே” என்றாள். கடைசியில் தானே பேசுவதாக ஒப்புக்கொண்டாள். ஆனால் அவள் அடுப்படிப் பக்கம் போய் நான்கு வருடமாகியிருந்தது.

மறுநாள் காலை இருவரும் மண்ணெண்ணெய் அடுப்பின் முன் உட்கார்ந்தார்கள். நஃபீஸத் எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்தாள். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு எல்லாவற்றையும் அம்மியில் தட்டினாள். ஒவ்வொன்றையும் மாமியார் காதில் மெல்லச் சொன்னாள். மாமியார் அதைத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். ரியாத் தூரமல்லவா. கடுகு வெடித்துக் கறிவேப்பிலை போட்டதும் மாமியாருக்கு வரிசை தப்பியது. புளித்தண்ணி முதலா, தட்டினது முதலா என்று மருமகளைக் கேட்டாள், மகனைத் திட்டினாள், அவன் வாப்பாவையும் சேர்த்துத் திட்டினாள். எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

“எனக்கு மூச்சு முட்டுது. நீயே சொல்லிரு” என்று நகர்ந்துகொண்டாள்.

நஃபீஸத் சட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “மச்சான், தட்டுனத போட்டு, பச்ச வாசம் போனதும் புளித்தண்ணிய ஊத்துங்க. கொதிக்க விட்டுராதீங்க. ஓரத்துல நுர கட்டும், அப்பமே எறக்கிரணும். உப்பு கொறச்சலா போடுங்க, பெறவு நாக்குல வச்சுப் பாத்துக்கிடலாம்.” அவனிடம் இவ்வளவு நீளமாக ஒரே மூச்சில் பேசியது அதுதான் முதல் தடவை.

விடுமுறை முடிந்து ரியாத்துக்குத் திரும்பிய காயல்பட்டினம் காஜா முகைதீன் கேசட்டைக் கொண்டுபோனார். பதில் இரண்டு மாதம் கழித்து இன்னொரு கேசட்டாக வந்தது. சிராஜுதீன் பைய பைய, வெட்கப்பட்டுப் பேசியிருந்தான். முதல் செவ்வாய் கொதிக்கவிட்டுக் கெடுத்தானாம். இரண்டாவது தடவை புளி தூக்கலாகிவிட்டதாம். மூன்றாவது தடவை சட்டியில் ஒன்றும் மிச்சமில்லையாம்.

மாமியார் கேட்க நினைத்ததற்கும் அதில் பதில் இருந்தது. “ஒன் கொரலு வாரப்ப அஞ்சு பேரும் வெளிய போயிருவாங்க, நான் சொல்லாமலே. உம்மா ஏசுத எடத்துக்கு மட்டும் உள்ள வந்துருவாங்க.”

ஜுபைதா பீவி தன் மகன் இன்னும் ஒழுங்காகத் திட்டு வாங்கவில்லை என்றாள். அந்த இடத்தை மறுபடி ஓடவிடச் சொன்னாள்.

அதன் பிறகு பருப்பாணம் போனது, கருவாட்டுக் குழம்பு போனது, கத்திரிக்காய் போனது. பேச்சு சமையலோடு நிற்கவில்லை. பீடி இலை மோசமாக வந்ததையும் கூரை ஒழுகியதையும் வெங்காயம் வதங்குகிற நேரத்தில் அவள் சொன்னாள். அவனும் கிடங்கு வெக்கையைச் சொன்னான். கடிதத்தில் ஒருநாளும் எழுதாத விஷயங்கள்.

1996-இல் விடுப்பில் வந்தவன் மூன்றாம் நாள் அடுப்படிக்குள் வந்து நின்றான். அண்டை வீட்டார் பார்ப்பார்களே என்று மாமியார் கதவைச் சாத்தினாள். அவன் வதக்கி அரைத்தது வெங்காயத் துவையல். மிளகாய் வத்தலும் உளுந்தும் துண்டு கருப்பட்டியும் சேர்த்தது, இஸ்ரவேல் கற்றுக்கொடுத்தது. மூவரும் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிட்டார்கள். அம்மியில் அவன் அரைபடாமல் விட்ட திப்பி பல்லில் மாட்டியது.

“இன்னும் ரெண்டு வத்தல் வச்சிருக்கலாம் மச்சான்” என்றாள் நஃபீஸத்.

“இஸ்ரவேல் அண்ணாச்சியும் இதத்தான் சொல்லுதாரு” என்றான் அவன்.

அவன் திரும்பிப் போனபின், பீடி கொடுக்கப் போகிற நாட்களில் நேரமில்லாதபோது அவள் அந்தத் துவையலைத்தான் அரைத்தாள். கூட இரண்டு வத்தல் வைத்து.