பூபாலன் தொலைத்த விலாசம்

பூபாலனுக்குச் சொத்து என்று ஒன்று இருந்தால் அது அவன் கையெழுத்துதான். சேவூரில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, திருப்பூர் பல்லடம் ரோட்டில் சுப்பண்ணன் நடத்திய பனியன் கம்பெனிக்குப் பண்டல் கட்டத்தான் வந்தான். ஒருநாள் அட்டைப்பெட்டி மேல் அவன் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "இதாரு எழுதுனது? அச்சடிச்சாப்ல இருக்குது" என்று சுப்பண்ணன் நின்றுவிட்டார். மறுநாளே அவனைக் கொண்டுபோய் டைம் ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார். அப்புறம் பதினைந்து வருசம் அதே நாற்காலி.

டைம் ஆபீஸ் என்றால் கேட்டுக்குப் பக்கத்தில் கம்பி ஜன்னல் வைத்த ஒரு அறை. யார் வந்தார்கள், யார் போனார்கள், யார் லீவு என்று எழுத வேண்டும். புது ஆள் சேர்ந்தால் டோக்கன் நம்பர் கொடுத்து, ஒரு கார்டில் பேர், ஊர், ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யாருக்குச் சொல்வது என்று மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். மூன்றாவதை பூபாலன் விடவே மாட்டான். சும்மா 'ஊட்டுக்குச் சொல்லுங்க' என்றால் போதாது. பேர் என்ன, எந்தத் தெரு, எந்த பஸ் ஏறி எங்கே இறங்குவது, எல்லாம் சொல்லியாக வேண்டும்.

"ஏனுங், பொண்ணுக் கேட்டு வரப் போறீங்களா?" என்று செக்கிங் செல்லாத்தாள் ஒருதடவை கேட்டே விட்டாள். அந்தக் கம்பெனியில் முதல் டோக்கன் அவளுடையதுதான்.

கார்டு எல்லாம் தகரப்பெட்டியில் கிடந்தது. எலி கடித்தது பாதி, மெசின் எண்ணெய் பட்டு எழுத்து மங்கியது பாதி. 2003-இல் சுப்பண்ணன் தன் ரூமுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையது டைம் ஆபீஸுக்கு வந்தது. அதை வைத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. பூபாலனே போய் அவிநாசி ரோட்டில் ஒரு சென்டரில் சாயங்கால வகுப்பில் சேர்ந்தான். சி என்கிற கம்ப்யூட்டர் மொழி படித்தான். முப்பத்து நாலு வயசில், காலேஜ் பசங்களுக்கு நடுவில், பெஞ்சு கடைசியில். சொல்லிக் கொடுத்த பிரிசில்லாவுக்கு அவனைவிடப் பன்னிரண்டு வயசு குறைச்சல். அவனை 'சார்' என்றுதான் கூப்பிடும்.

ஆறு மாசத்தில் அவனே ஒரு புரோக்ராம் எழுதிவிட்டான். டோக்கன் நம்பரை அடித்தால் கறுப்புத் திரையில் பேர், ஊர், யாருக்குச் சொல்வது, மூன்றும் வந்து நிற்கும். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராக உட்கார்ந்து டைப் அடித்து ஒரே ஃபைலில் ஏற்றினான். ஃபைலுக்குப் பேர் 'ஆள்'. தினம் கம்ப்யூட்டரை அணைக்கும்போது அது தானாக ஒரு பிளாப்பித் தட்டில் காப்பி ஆகிற மாதிரியும் செய்து வைத்தான். வேலை முடிந்ததும் முதலாளியிடம் போய், "இனி அந்தக் கார்டு எதுக்குங்க, குப்பையாக் கெடக்குது" என்று சொன்னதும் அவன்தான். கார்டெல்லாம் தகரப்பெட்டியோடு பழைய பேப்பர்க்காரன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டது.

அப்படி டைப் அடித்தபோது, பக்கத்தில் நின்று கடைசிவரை பார்த்தவர் ஒரே ஒருத்தர். ராக்கையா. துணிக் கோடவுனில் ரோல் ஏற்றி இறக்குகிறவர், தெக்கத்தி ஆள், நாற்பத்தைந்து இருக்கும். கோடவுனிலேயே ஒரு மூலையில் படுத்துக்கொள்வார். யாரோடும் அதிகம் பேச்சு கிடையாது. பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்குப் போவார், வருவார், அவ்வளவுதான்.

"எம் பொண்டாட்டி பேரு இதுக்குள்ள போயிருச்சா தம்பி?"

"போயிருச்சுங்ணா. பாருங்க." பூபாலன் 214 என்று அடித்தான். இங்கிலீசில் மூன்று வரி வந்தது. "ராக்கையா. இது உங்க ஊரு. இருளாயி."

"கரண்டு போனா?"

"போனாலும் இருக்கும். டிஸ்க்குல எழுதி வெச்சிருக்குதுங்ணா. கார்டு மாதிரி எலி திங்காது."

ராக்கையா திரையை விரலால் தொடப் போனவர், எதற்கோ பயந்து கையை இழுத்துக்கொண்டார். "அவ சிரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வருசம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. புது ஆளைச் சேர்க்கலாம், பழைய ஆளைத் தேடலாம். ஏறியதைத் திருத்த மட்டும் வழியில்லை. அந்தச் சமயம் செல்லாத்தாள் வீடு மாறிச் சாமளாபுரம் போய்விட்டாள். "என்ர புது ஊட்டை எழுதுங்க, நான் செத்தாப் பழைய ஊட்டுல போய்ச் சொல்லிப்போடாதீங்க" என்று ஜன்னலில் வந்து நின்றாள். பூபாலனுக்கு ரோசம். திருத்துவதற்கும் ஒரு வழி எழுதிவிடுவது என்று உட்கார்ந்தான்.

இங்கேதான் அவன் வழுக்கி விழுந்தான். சி-யில் ஒரு ஃபைலைத் திறக்கும்போதே எதற்காகத் திறக்கிறோம் என்று சொல்ல வேண்டும். படிக்கவா, கடைசியில் சேர்க்கவா, எழுதவா. இந்தப் பாடம் நடந்த வாரம் கம்பெனியில் ஷிப்மென்ட். அவன் வகுப்புக்குப் போகவில்லை. பக்கத்துப் பையன் நோட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டான். அந்தப் பையன் மூன்றையும் குறித்திருந்தானே தவிர, டீச்சர் வாயால் சொன்னதைக் குறிக்கவில்லை. செல்லாத்தாள் விலாசத்தை எழுதத்தானே போகிறோம் என்று பூபாலன் 'எழுத' என்று ஃபைலைத் திறந்தான். முதல் ஆளின் இடத்துக்குப் போனான், புது விலாசத்தை எழுதினான், மூடினான். ஒன்று என்று அடித்துப் பார்த்தான். சாமளாபுரம் பளிச்சென்று வந்தது. மனசு குளிர்ந்துபோய் கம்ப்யூட்டரை அணைத்தான். பிளாப்பி கரகரவென்று ஓடி நின்றது. வீட்டுக்குப் போகும் வழியில் பெண்சாதி மயிலாளுக்குப் பூ வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை ஒரு ஆளைத் தேடினான். வரவில்லை. இன்னொன்று. வரவில்லை. எல்லாரையும் காட்டு என்று கேட்டான். திரையில் ஒரே ஒரு பேர். செல்லாத்தாள். பிளாப்பியைப் போட்டான். அதிலும் செல்லாத்தாள் மட்டும். தினம் காப்பி எடுக்கிற நல்ல பழக்கம், இருந்த நல்ல காப்பியையும் நேற்றுச் சாயங்காலமே அழித்துவிட்டிருந்தது.

வகுப்பு திறக்கும் முன்னாலேயே பிரிசில்லாவிடம் போய் நின்றான். புரோக்ராமைப் பார்த்ததும் அது தலையில் கை வைத்துக்கொண்டது.

"எழுதத் திறந்தீங்கன்னா பழசு பூராப் போயிருமுங்க சார். நீங்க ஒரு எழுத்துக்கூட எழுதலைன்னாலும், திறந்த நிமிசமே காலி."

"அதெப்படிம்மா? ஒரு நோட்டைத் திறந்தா அதுல இருக்கற எழுத்து அழியுமா?"

"இது நோட்டு இல்லீங்களே சார்."

பிரிசில்லா இரக்கப்பட்டு இன்னொன்றும் சொன்னது. "அந்த மெசின்ல இனி எதையும் எழுதாம அப்படியே வெச்சிருங்க. கோயமுத்தூர்ல எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். டிஸ்க்கைத் துழாவி எடுத்தாலும் எடுத்துருவார். ஓனர்கிட்டச் சொல்லிட்டு மெசினைக் கொண்டு போயிருங்க சார்."

ஓனரிடம் சொல்லவேண்டும். அதைத்தான் பூபாலனால் முடியவில்லை. கார்டைக் குப்பை என்று சொன்ன வாயால் இதை எப்படிச் சொல்வது? திரும்பி வந்து புரோக்ராமைச் சரிசெய்தான். "புது ஃபாரம் வந்திருக்குது" என்று ஒரு பொய்யைச் சொல்லி ஒவ்வொரு செக்சனாகக் கூப்பிட்டு மறுபடியும் விலாசம் கேட்டு ஏற்ற ஆரம்பித்தான். ஏற்ற ஏற்ற, டிஸ்க்கில் மிச்சம் இருந்த பழசின் மேல் புதுசு விழுந்து அதுவும் அழிந்துகொண்டே இருந்தது. அது அவனுக்கும் தெரியும்.

கட்டிங் முடிந்தது, செக்கிங் முடிந்தது. கோடவுன் கடைசி. வியாழக்கிழமை மத்தியானம் ராக்கையா தானாகவே ஜன்னலுக்கு வந்தார்.

"என்னமோ மறுபடி எழுதுறீகளாமே தம்பி. எம்பேரு பழசு இருக்குல்ல?"

பூபாலன் வாயைத் திறக்கப் போனான். பின்னாலேயே சுப்பண்ணன் காரை விட்டு இறங்கி ஜன்னலைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கு வாங்கண்ணா" என்றான் பூபாலன். "இப்ப வேண்டாம், போங்க."

வெள்ளிக்கிழமை காலை டீ குடிக்க ரோட்டைத் தாண்டிய ராக்கையாவை லாரி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்னாலேயே உயிர் போய்விட்டது. சட்டைப்பையில் இருந்தது கம்பெனி டோக்கன் மட்டும்.

பத்து மணிக்குப் போலீஸ்காரர் ஒருவர் ஜன்னலில் வந்து நின்றார். "இருநூத்திப் பதினாலு. ஊரு என்னங்க?"

பூபாலன் 214 என்று அடித்தான். இல்லை என்று தெரிந்தே அடித்தான். மூன்று தடவை அடித்துவிட்டு, "இவரு விலாசமே குடுக்கலீங்க" என்றான்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்று ஒரு பேப்பர் இருந்திருந்தாலாவது அதில் ஊர் இருந்திருக்கும். அந்தக் கம்பெனியில் அப்போது பாதிப் பேருக்கு அது கிடையாது. ராக்கையா அந்தப் பாதியில் இருந்தார். கோடவுன் மூலையில் அவர் பையைக் கவிழ்த்தார்கள். இரண்டு வேட்டி, ஒரு போர்வை, சீப்பு. கூட வேலை செய்தவர்கள், "சாத்தூர்ப் பக்கம்னு சொன்னாப்ல ஞாபகமுங்க" என்றார்கள். பூபாலன் கண்ணை மூடி மூடி யோசித்தான். அவன் விரல்தான் அந்த ஊரை அடித்தது. இருளாயி என்ற பேர் வந்தது. ஊர் பேர் 'பட்டி' என்று முடியும் என்பது வந்தது. அதற்கு முன்னால் இருந்தது வரவே இல்லை.

மயிலாளிடம்கூடச் சொல்லாமல் சாத்தூருக்குப் பஸ் ஏறினான். மூன்று நாள் பட்டி பட்டியாக அலைந்தான். ஊருக்கு நாலு இருளாயி இருந்தார்கள். எவளுக்கும் புருசன் திருப்பூரில் இல்லை. அவன் திரும்பி வந்ததற்கு மறுநாள், பிணத்தை இனி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உரிமை கோர ஆளில்லை என்று எழுதி, மின்மயானத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இடுகாட்டில் புதைத்தார்கள். மண் போட்டவன் பூபாலன். உடைந்த கடப்பாக் கல் துண்டு ஒன்றில் கறுப்புப் பெயிண்டால், தன் அழகான கையெழுத்தில், ராக்கையா என்று எழுதித் தலைமாட்டில் நட்டான். பேருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டான்.

அதற்கப்புறம் கட்டுக் கட்டாகக் கார்டு வாங்கினான். கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன்னால் கார்டில் எழுதினான். முதலாளி ஏன் என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

நாலு மாசம் கழித்து ஆடியில் ஒரு பொம்பளை கேட்டில் வந்து நின்றாள். கையில் மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு பாலிதீன் கவர். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு கம்பெனியில் பனியன் போட்டுக் கொடுக்கிற கவர். அதன் மேல் கம்பெனி பேரும் விலாசமும் அச்சடித்திருக்கும். அதை வழியெல்லாம் காட்டிக் காட்டி வந்திருக்கிறாள்.

"ராக்கையா இங்கதான வேலை பாக்காரு? ஆடிக்கு வரல. அதான் வந்தேன்."

சுப்பண்ணனே வெளியே வந்தார். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, பக்குவமாகத்தான் சொன்னார். அவள் கத்தவில்லை. கவரை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள்.

"நாலு மாசமாச்சே. ஒரு சேதி சொல்லப்படாதாய்யா?"

"அவர் விலாசமே குடுக்கலீங்கம்மா. தேடாத எடமில்லை" என்றார் சுப்பண்ணன்.

"குடுத்தாகளே" என்றாள் இருளாயி. "கம்பூட்டர்ல ஏத்திட்டாக, ஒம்பேரு அதுல இருக்கு, நா கண்ணால பாத்தேன்னு சொன்னாரு. எனக்கு ஒண்ணுன்னா ஒனக்குத் தந்தி வந்துரும், வரலைன்னா நா நல்லா இருக்கேன்னு வச்சுக்கன்னு சொன்னாரு. அதான்யா நானும் தந்தி வரல, நல்லாத்தான் இருக்காருன்னு இருந்துட்டேன்."

ஜன்னலுக்கு உள்ளே இருந்த பூபாலன் எழுந்து வெளியே வந்தான்.

"அவர் குடுத்தாருங்கம்மா. நான்தான் அழிச்சுப்போட்டேன்."

சுப்பண்ணன் திரும்பினார். பூபாலன் எல்லாவற்றையும் சொன்னான். செல்லாத்தாள் வீடு மாறியதிலிருந்து, 'நாளைக்கு வாங்க' என்றது வரைக்கும்.

"ஏன்டா, எங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா, கோயமுத்தூருக்கு நானே காருல எடுத்துட்டுப் போயிருக்க மாட்டனா?" என்றார் சுப்பண்ணன். "நானென்ன உன்னயத் தின்னா போடுவேன்?"

"பயமுங்க."

இருளாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர்கள் பேசியதில் பாதி அவளுக்கு விளங்கவில்லை. "எங்க வச்சிருக்கீக, அதச் சொல்லுங்க" என்றாள்.

பூபாலன் கூட்டிப் போனான். போகிற வழியில் பெயிண்ட் டப்பாவும் பிரசும் எடுத்துக்கொண்டான். கல்லைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. அவள் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கினாள். பிடுங்கும்போதுதான் அழுதாள். அவன் தள்ளியே நின்றான்.

"என்ன எழுதியிருக்கு?"

"பேரு மட்டுமுங்கம்மா. ஊருக்கு எடம் விட்டிருக்கேன்."

"செங்குளத்துப்பட்டி" என்றாள். "திருச்சுழிப் பக்கம்."

சாத்தூர் இல்லை. அவன் தேடிய திசையே வேறு. மண்டி போட்டு எழுதினான். முதல் எழுத்து கோணிவிட்டது. இத்தனை வருசத்தில் அவன் எழுதிய எழுத்தில் கோணியது அது ஒன்றுதான். அழித்து எழுதலாமா என்று பிரசை எடுத்தவன், வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

"எழுதுனத வாசிச்சுக் காட்டு" என்றாள் இருளாயி.

அவன் வாசித்தான்.

"இன்னொருக்கா."

மறுபடியும் வாசித்தான்.