வாத்துகளும் இரண்டு தலையணைகளும்

எழுபதுகளின் கடைசியில் ஜெலுத்தோங்கில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். சித்தப்பாவுக்குக் கடலுக்கு அக்கரையில், பிறையில் தொழிற்சாலை வேலை. வேலிக்கட்டைகளில் பூசினால் கரையான் அண்டாது என்று, பழைய இஞ்சின் எண்ணெயை ஒரு டின் நிறைய மோட்டார் சைக்கிளில் கட்டி, ஃபெரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். கடல் தாண்டிச் சிந்தாமல் வந்த டின், வீட்டு வாசலில் அவர் வண்டியை நிறுத்தும்போது கவிழ்ந்தது.

எண்ணெய் கறுப்பாக ஓடிக் கால்வாயில் இறங்கியது. கால்வாய் போய்ச் சேர்வது பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் வாத்துக் குட்டைக்கு.

சித்தப்பா கோணிச்சாக்குகளை எறிந்தார். அவை தண்ணீரைக் குடித்து மூழ்கின. எண்ணெய் மேலேயே போய்க்கொண்டிருந்தது. ஆன்ட்டி கூச்சலிட்டபடி வாத்துகளைக் கரையேற்றப் பார்த்தார். அவை இன்னும் நடுவே நீந்திப் போயின.

அப்போதுதான் அப்பாவின் தங்கையான என் அத்தை வீட்டுக்குள் ஓடி, அலமாரி மேல் பிளாஸ்டிக்கில் சுற்றியிருந்த இரண்டு புதுத் தலையணைகளோடு வந்தாள். அவள் கல்யாணத்துக்கென்று இலவம்பஞ்சு அடைத்துத் தைத்தவை. மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை, தலையணைகளையும் எடுப்பதில்லை.

“அது உனக்குன்னு வச்சதும்மா,” என்றாள் அம்மா.

“இருக்கட்டும்லா அண்ணி. தலையில வைக்கிற எண்ணெய் தலகாணிப் பஞ்சு வரைக்கும் இறங்கிடுது, தண்ணி பட்டா ஒட்டுதா? கத்தரிக்கோல் குடுங்க!”

உறையைக் கிழித்து, பஞ்சை அள்ளி அள்ளித் தூவினாள். அது நனையாமல் மிதந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணெயைக் குடித்துக் கறுத்தது. சித்தப்பா முழங்கால் தண்ணீரில் நின்று அதைக் கூடையால் வாரிப் போட்டார். இரண்டாவது தலையணையும் தீர்ந்தபோது குட்டையில் தண்ணீர் தெரிந்தது. ஒரு வாத்துக்கு மட்டும் நெஞ்செல்லாம் எண்ணெய். ஆன்ட்டி அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அத்தையின் கறுத்த கையைப் பிடித்துக்கொண்டு, “தெரிமா காசே, தெரிமா காசே,” என்று நன்றி சொல்லிக்கொண்டேயிருந்தார்.

அத்தையின் தலைமுடியெல்லாம் பஞ்சு. “பாருங்க அண்ணி, கிழவியாயிட்டேன்!” என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று அழ ஆரம்பித்தாள்.

“அழாதம்மா, என் தலகாணிய அத்தைக்குக் குடுத்துடுறேன்,” என்றேன்.

அம்மா இன்னும் அதிகமாக அழுதாள். அத்தை என்னை எண்ணெய்க் கையோடு இழுத்து அணைத்துக்கொண்டாள். தலையணைக்காக அழுகிறவளுக்கு இன்னொரு தலையணை ஏன் போதவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.