பாப்பாயி அக்கா இல்லாத கார்டு

இன்று கொல்லிமலைச் செம்மேட்டில் பாப்பாயி அக்காவைச் சந்தித்தேன். நாமக்கல் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மாம்பழ நிறச் சேலையில் ஓர் அம்மா, காலடியில் இரண்டு மிளகு மூட்டைகள். என் சட்டைப் பையில் இருந்த பேனாவையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இங்கிலீசு படிக்க வருமா உனக்கு?"

வரும் என்றேன்.

"அப்ப பஸ்ஸை விட்டுடு. எங்கூட ஆபீசுக்கு வா. என் பேரு அதுல இருக்குதான்னு பாத்துச் சொல்லோணும்."

விட்டேன். அடுத்த பஸ்ஸையும் விட்டேன். அதற்குள் அவர் சொன்ன கதையையும் கண்ணால் பார்த்ததையும் இப்போதே எழுதிவிடாவிட்டால் தூங்க முடியாது. வேகமாக அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையில் மிளகு போடுகிறவர்களுக்கு ஒரு சின்னச் சங்கம் இருக்கிறது. 1999இல் அந்தச் சங்கம் எல்லோருக்குமாகச் சேர்ந்து ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் எடுத்தது. வருடம் ஒருமுறை பணம் கட்டினால் குடும்பத்துக்கு ஒரு கார்டு. இந்த வருடம் பணம் கட்டக் கடைசி நாள் இன்று, அதுவும் சாயந்திரம் ஐந்து மணி வரைதான். பாப்பாயி அக்கா இரண்டு கார்டுக்குக் கட்ட வந்திருந்தார். ஒன்று அவர் குடும்பத்துக்கு. இன்னொன்று ஓரகத்தி அம்சவேணியின் குடும்பத்துக்கு. அந்த இரண்டாவது கார்டு விஷயம் அம்சவேணிக்கே தெரியாது.

"பாசமுன்னு நெனச்சுக்காத கண்ணு" என்றார், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "எல்லாம் பொறாமைதான்."

அண்ணன் சின்னுசாமிக்குப் பாப்பாயி, தம்பி அண்ணாமலைக்கு அம்சவேணி. அடுத்தடுத்த வீடு. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வரிசை சில்வர் ஓக் மரம்தான் எல்லை. அம்சவேணி எருமை வாங்கினால் பாப்பாயி அக்காவுக்குத் தூக்கம் போய்விடும். அம்சவேணி வீட்டுப் பலா முதலில் பழுத்தால் அன்றைக்கு அடுப்பில் குழம்பு தீயும். கார்டும் அப்படித்தான் வந்தது. அம்சவேணி சேர்ந்துவிட்டாள் என்று காதில் விழுந்த பிறகுதான் அக்காவும் சேர்ந்தார்.

அந்த ஊரில் மிளகுக் கொடிகளைச் செலவுக்கென்று பிரித்து விடுவார்களாம். இது கோயில் கொடி, இது பள்ளிக்கூடக் கொடி, இது தீபாவளிக் கொடி என்று பெயரே வைத்துவிடுவார்கள். ஒன்றுக்கு விட்ட கொடியில் காய்த்ததை இன்னொன்றுக்குத் தொட மாட்டார்கள். கார்டுக்கென்று பாப்பாயி அக்கா முதலில் விட்டது ஒரே ஒரு கொடி. வாசலுக்கு நேரே, பலாமரத்தில் ஏறின கொடி. அதில் காய்த்த மிளகே ஒரு வருடக் கார்டுக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு மிளகு விலை இறங்கிக்கொண்டே வந்தது, கார்டு விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு கொடி இரண்டானது, இரண்டு நாலானது. இந்த வருடம் எட்டு.

"எட்டுக் கொடி கண்ணு! எங்கூட்டுக்கு மூணு வருசம் ரசம் வெக்கிற மெளகு."

சரி, போட்டோ எடுத்த நாளுக்கு வருகிறேன். அதில்தான் எல்லாமே கெட்டது.

சேர்ந்த முதல் வருடம், கார்டில் குடும்பப் போட்டோ ஒட்ட வேண்டும் என்று பேளுக்குறிச்சியிலிருந்து ராசு என்கிற போட்டோக்காரரை வரவழைத்திருந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பாப்பாயி அக்கா காட்டிலிருந்து அப்படியே கிழங்கு மண்ணோடு வந்திருந்தார். அம்சவேணியோ கத்திரிப்பூ நிறத்தில் புதுச் சேலை! மடிப்புக்கூட கலையாத சேலை.

"சொல்லவே இல்ல பாரு, கள்ளி! முந்தின நாள் முச்சூடும் எங்கூட உக்காந்து புளி கொட்டை எடுத்தா. ஒரு வார்த்த சொல்லியிருப்பாளா?"

அவ்வளவுதான். கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு வருகிறேன் என்று அக்கா வீட்டுக்கு ஓடினார். போக ஒரு மைல், வர ஒரு மைல், நடுவில் ஓடை. திரும்பி வந்தபோது மைதானத்தில் ஆளே இல்லை. கடைசி பஸ் ஹாரன் அடிக்க, ராசு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். சின்னுசாமியும் பையன் செல்வமும் மகள் சுமித்ராவும் மூன்று பேராக நின்று எடுத்துக்கொண்டார்கள்.

"குடும்பக் கார்டுதான புள்ள, குடும்பம்னா நீயும் சேத்திதான்" என்று சின்னுசாமி சமாதானம் சொல்லியிருக்கிறார். அக்காவும் நம்பிவிட்டார். கார்டு வந்தது. முழுக்க இங்கிலீஷ். வருடா வருடம் பணம் கட்டினால் அதே கார்டு தொடரும். அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி விதைப் பானைக்குள் போட்டு வைத்தார்கள்.

2003இல் அம்சவேணிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. நாமக்கல்லில் ஆபரேஷன், ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. எல்லாம் கார்டிலேயே முடிந்தது. பார்க்கப் போன பாப்பாயி அக்காவின் கண்ணில் அம்சவேணியின் முகத்தைத் தவிர மற்ற எல்லாம் பட்டன. சுற்றுகிற ஃபேன், கைப்பிடியைத் திருகினால் தலைப்பக்கம் எழும்புகிற கட்டில், மேஜை மேல் ஆப்பிள்.

வீட்டுக்கு வந்து அழுதாராம்.

"அஞ்சு வருசமாக் கட்டறோம். நம்மூட்ல ஒருத்தருக்கு ஒரு சொரம் வந்துச்சா? அவளுக்கு மட்டும் கட்டிலு!"

"நோய் வல்லீன்னு அழுவுறவ இந்த மலையிலேயே நீ ஒருத்திதான்டி" என்றாராம் சின்னுசாமி.

அடுத்த வருடம் சங்கக் கூட்டத்தில் செயலாளர் தனபால் எழுந்து, போன வருடம் நிறையப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள், அதனால் எல்லோருக்கும் தொகை ஏறிவிட்டது என்று சொன்னார். இரண்டு கொடி நாலு கொடியானது அன்றைக்குத்தான். பாப்பாயி அக்கா கூட்டத்தின் நடுவில் எழுந்துவிட்டார்.

"போனவங்க கட்டட்டுமுங்க! அவ வவுத்த அறுத்ததுக்கு என்ர கொடிய எதுக்குங்க புடுங்கறீங்க?"

கூட்டம் மொத்தமும் அம்சவேணியைத் திரும்பிப் பார்த்தது. அம்சவேணி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலு வருடம் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஆனால் கார்டை விட்டாரா? விடவில்லை! "அவ வெச்சிருக்கறப்ப நான் உடுவனா?" வருடா வருடம் மிளகு பறித்து, பாறையில் காயவைத்து, மழைத் தூறலுக்கு அள்ளிக்கொண்டு ஓடி, விற்றுக் கட்டினார்.

இந்த ஜனவரியில் அவருக்கே வந்தது. அதே கட்டி, அதே ஆஸ்பத்திரி. விதைப் பானையிலிருந்து கார்டை எடுத்துக்கொண்டு போனார்கள். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்ததாம். அந்தக் கட்டில்!

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கார்டைப் பார்த்துவிட்டு, "சின்னுசாமி, செல்வம், சுமித்ரா. மூணு பேருதாம்மா. பாப்பாயின்னு யாரும் இல்லையே" என்றாள்.

போட்டோவில் இருந்தவர்களின் பெயரை மட்டும் அடித்திருக்கிறார்கள். ஒன்பது வருடம். அத்தனை கொடி. அவர் மட்டும் அதில் இல்லை.

"போட்டோவுல எம்பட சேலை நல்லா இருக்கோணும்னு ஓடுனேன் கண்ணு. போட்டோவுல நானே இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய அன்றைக்கே அம்சவேணி வாசலில் வந்து நின்றிருக்கிறார். நாலு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"ஏக்கா, என்ர கார்ட எடுத்துட்டுப் போ. நாந்தான் அம்சவேணின்னு சொல்லு. அவங்களுக்கு நம்ம மூஞ்சியெல்லாம் ஒண்ணுதான்."

பாப்பாயி அக்கா கையைக்கூட நீட்டிவிட்டார். சின்னுசாமிதான் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, உனக்குத்தான் கர்ப்பப்பைய அன்னிக்கே எடுத்துப்போட்டாங்களே! ஒரே பொம்பளைக்கு ரெண்டு தடவ எடுக்க அது என்ன பல்லா?"

வலியோடு வலியாக மூன்று பேரும் சிரித்திருக்கிறார்கள். சிரித்து முடித்த அம்சவேணி நேராகத் தன் தோட்டத்துக்குப் போனார். கார்டுக்கென்று விட்டிருந்த எட்டுக் கொடியையும் பறித்தார். காய்வதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. பச்சை மிளகாகவே விற்று, பணத்தைக் கொண்டுவந்து பாப்பாயி அக்காவின் மடியில் வைத்தார். மீதிக்குச் சின்னுசாமி கடன் வாங்க, ஆபரேஷன் முடிந்தது.

இத்தோடு நெகிழ்ந்துபோய் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பாப்பாயி அக்கா விடவில்லை.

"அதுக்கப்பறம் ஊர்ல கேக்கோணுமே! 'அம்சா மாதிரி வருமா, அம்சா மாதிரி வருமா'ன்னு. நான் படுத்துக் கெடக்கறன், பாக்க வந்தவங்க அல்லாரும் அவளயே பேசறாங்க. குடுத்தவன்னு பேரும் அவளுக்கேவா? அது போவட்டும், இந்த வருசம் அவளுக்குக் கார்டு கட்ட வழியில்ல. 'ஒரு வருசம் இல்லாட்டி என்னக்கா'ங்கறா. அவ தும்முனா எனக்கு ராத்திரி தூக்கம் புடிக்கல. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா சாவற மட்டும் நான் அவளுக்குக் கீழதான்."

அதனால் தன் எட்டுக் கொடியோடு, சுமித்ராவின் கம்மலுக்கென்று விட்டிருந்த எட்டுக் கொடியையும் சேர்த்துப் பறித்துவிட்டார். ஒன்றுக்கு விட்டதை இன்னொன்றுக்குத் தொட்டது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. சுமித்ரா என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ரெண்டு நாளா எங்கூடப் பேசல. அவளும் என்ர வவுத்துல பொறந்தவதான" என்றார்.

மிளகை விற்றுவிட்டுச் சங்க ஆபீசுக்குப் போகும்போது மணி மூன்றரை. அக்காவின் பெயரைச் சேர்க்கப் புதுப் போட்டோ வேண்டும் என்று சின்னுசாமியும் பிள்ளைகளும் அங்கே காத்திருந்தார்கள். போட்டோக்காரர் அதே ராசு, தலை மட்டும் நரைத்திருந்தது. அக்கா அவரை விடுவாரா?

"ஏய்யா, இன்னிக்காவது பஸ்ஸுக்கு ஓடாம என்னைய எடுப்பியா?"

"இன்னிக்கு வண்டியிலதான் வந்திருக்கேன் தாயி, நீ பயப்படாம நில்லு" என்றார் ராசு.

பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்று அக்கா போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு அம்சவேணி குடும்பத்துக்கான பணத்தை எடுத்து மேஜையில் வைத்தார். தனபால் கையைப் பிசைந்தார்.

"பணம் சரிங்க. ஆனா இந்த வருசம் அல்லாருக்கும் புதுக் கார்டு. நேர்ல வந்து போட்டோவுக்கு நிக்கோணுமுங்க. அஞ்சு மணிக்குப் பட்டியல மூடிருவேன்."

அக்காவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. யாருடைய வண்டியையோ வாங்கிக்கொண்டு சின்னுசாமி பறந்தார். நாலரை ஆனது. நாலே முக்கால். பாப்பாயி அக்கா ரோட்டுக்கும் ஆபீசுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். ஆபரேஷன் ஆன உடம்பு, உட்காருங்கள் என்று நான் சொன்னது காதில் விழவே இல்லை.

நாலு ஐம்பதுக்கு வண்டி வந்தது. அண்ணாமலையும் மகனும் குறுக்குப் பாதையில் ஓடிவந்து சேர்ந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கிய அம்சவேணி முழங்கை வரை மண்.

"என்னக்கா இது, மாமன் ஒண்ணுஞ் சொல்லாம ஏத்திட்டு வந்துட்டாரு. கெழங்கு அப்பிடியே கெடக்குது."

"போட்டோவுக்கு நில்லு."

"நாந்தான் இந்த வருசம் வேண்டாம்னேனே."

"உன்ன யாரு கேட்டா? கட்டியாச்சு."

"ஆரு கட்டுனது?"

"ஏன், உனக்கு மட்டுந்தான் குடுக்கத் தெரியுமா? நல்ல பேரெல்லாம் உம்பேருக்குப் பட்டா போட்டுக் குடுத்திருக்குதா?"

அம்சவேணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். தனபால் கடிகாரத்தைப் பார்த்தார். பாப்பாயி அக்கா ஓரகத்தியை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். மண், கறை, தோளில் கிழிசல். கையைப் பிடித்துத் தரதரவென்று மூட்டை அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே ஏதோ சண்டைச் சத்தம். வெளியே வந்தபோது அம்சவேணி மாம்பழ நிறச் சேலையில்! பாப்பாயி அக்கா கிழங்குக் காட்டுச் சேலையில்.

ராசு போட்டோ எடுத்தார். நாலு ஐம்பத்தெட்டு.

அக்கா என் காதருகே வந்து பல்லைக் கடித்தார்.

"பாத்தியா கண்ணு? அதே சேலைதான். நான் கட்டுனப்ப ஒருத்தனாவது திரும்பிப் பாத்தானா? அவ கட்டுன ஒடனே சேலைக்கே கொண்டாட்டம். நன்னி கெட்ட சேலை!"

அதற்குப் பிறகுதான் என்னை எதற்குக் கூட்டிவந்தாரோ அதைச் செய்தேன். பட்டியலை வாங்கிப் பெயர்களைப் படித்தேன். சின்னுசாமி, பாப்பாயி, செல்வம், சுமித்ரா. "இன்னொருக்கா படி" என்றார். படித்தேன். எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். அடுத்து அம்சவேணியின் பெயரையும் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"அவ பேரு நீளமா இருக்குதே" என்றார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுந்து போய் உங்கள் வீட்டு இன்சூரன்ஸ் கார்டை எடுத்துப் பாருங்கள். முக்கியமாக அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இதை நாலு பேருக்கு அனுப்புங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். கொல்லிமலைக்குப் போனால், செம்மேடு சந்தையில் பாப்பாயி அக்காவிடம் மிளகு வாங்குங்கள். அம்சவேணி அக்கா பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பார். தயவுசெய்து இரண்டு பேரிடமும் சம அளவாக வாங்குங்கள்.