எஸ்தர் கொடுத்த வாக்கு

எஸ்தர் போய்விட்டார் என்று வெள்ளகோவிலிலிருந்து அவர் மகள் போனில் சொன்னாள். “உங்க பேரைச் சொன்னாலே அம்மா சிரிப்பாங்க மாமா” என்றாள். அந்தச் சிரிப்புக்கு நான் அருகதையில்லாதவன் என்பதை, அவரை அறிந்த உங்களிடம் இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒன்றாக வேலை பார்த்தோம். மூளையில் செரட்டோனினை நரம்பணுக்களுக்குள் திரும்ப எடுத்துச்செல்லும் புரதம் எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. இறந்தவரின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, அந்தப் புரதத்தில் ஒட்டும் கதிரியக்க மருந்தில் ஊறவைப்போம். ஒட்டாததைக் குளிர்ந்த கரைசலில் கழுவி, ஃபிலிமோடு சேர்த்து இருட்டில் ஆறு வாரம் வைப்போம். புரதம் உள்ள இடம் ஃபிலிமில் கறுக்கும். இருட்டறையில் எஸ்தர் சர்ச் பாட்டை முணுமுணுப்பார். “ஃபிலிமுக்கு ஜெபமா?” என்று சீண்டுவேன். “உங்க கைக்குத்தானுங்க ரங்கராஜ்” என்பார். என்ன இனிமையான நாட்கள்!

ஒருமுறை, விபத்தில் இறந்த மில் தொழிலாளி ஒருவரின் மூளை கிடைக்க வாய்ப்பு வந்தது. கோவையின் கணபதி பகுதியிலிருந்த அவர் மனைவியிடம் சம்மதம் வாங்க எஸ்தர் போனார். “பாதியாச்சும் திருப்பிக் குடுத்துருங்க கண்ணு. அதுவரைக்கும் கொஞ்சம் சாம்பல எடுத்து வெக்கறேன். ஒண்ணாவே ஆத்துல உட்டுரோணும்” என்றாராம் அந்த அம்மா. “தாரேனுங்க” என்று சொல்லிவிட்டு வந்தார் எஸ்தர். படிவத்தில் அப்படி எதுவும் இல்லை.

அந்தச் சீவல்களைக் கழுவியவன் நான். பொங்கலுக்கு ஊர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கழுவும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் ஃபிலிமில் எல்லாம் ஒரே கறுப்பு. என் வேலை நீட்டிப்போ அந்த முடிவை நம்பி இருந்தது. மீதிப் பாதி ஃப்ரீசரில் இருந்தது. “அதக் குடுங்க, அந்தம்மாவுக்கு என்ன தெரியப்போகுது?” என்று கெஞ்சினேன்.

“அவுங்க இன்னும் ஆத்துக்குப் போகலீங்க. நமக்காகக் காத்துட்டிருக்காங்க” என்றார் எஸ்தர். மறுநாளே அதை முறைப்படி எரிக்க வைத்து, சாம்பலைக் கணபதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஃபிலிம் ஏன் வீணானது என்று துறைத்தலைவர் எங்கள் இருவரையும் நிறுத்திக் கேட்டார். “நாந்தானுங்க சரியா கழுவல” என்றார் எஸ்தர். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவரை நூலகத்துக்கு மாற்றினார்கள். எனக்கு நீட்டிப்பு வந்தது. அதன் பிறகும் அவர் என்னிடம் முகம் சுளித்ததில்லை. அதுதான் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

அவருடையது என்று என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஓய்வுபெறும் நாள்வரை நான் பார்த்த வேலை இருக்கிறது.