மேல்வீட்டுத் துவக்கு

இத்தாலியில், பலெர்மோவில், எங்கள் மேல்வீட்டுக்கு ஓர் இளம்பெண் வந்திருக்கிறாள். நான் காலையில் செபமாலை சொல்லத் தொடங்கினால் தலைக்கு மேலே தடதடவென்று ஓட்டம். பிறகு அமைதி. பிறகு 'கிளிக், கிளிக்'.

வன்னிப் போரிலிருந்து தப்பி வந்த காதுக்குத் துப்பாக்கி விசையின் சத்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இஞ்சேருங்கோ, மேலை துவக்கு இருக்கு," என்றேன் கணவரிடம்.

"உமக்கு எல்லாம் துவக்குத்தான். ஸ்டேப்ளரா இருக்கும்," என்றார்.

இன்று நானே ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். மேசையில் கிடந்தது ஸ்டேப்ளர் இல்லை.

"பயப்படாதேங்கோ சிஞ்ஞோரா, குண்டில்லை," என்று இத்தாலியனில் சிரித்தாள். பனியில் சறுக்கி ஓடி, இடையில் நின்று குறிபார்த்துச் சுடும் பையத்லான் வீராங்கனையாம். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துவிட்டு அத்தை வீட்டில் தேறுகிறாளாம். இந்தக் குளிர்காலத்து உலகப் போட்டிக்கு எடுபடாவிட்டால் இனி வாய்ப்பே இல்லையாம்.

பலெர்மோ வெயிலில் பனிச்சறுக்கா? என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துவக்கின் பெர்மெஸ்ஸோவையும், அதுதான் அனுமதிப் பத்திரத்தையும், எடுத்துக் காட்டினாள். எங்கள் வதிவிடப் பெர்மெஸ்ஸோவை விட அது நேர்த்தியாக இருந்தது.

அந்த நேரம் அவளுடைய பயிற்சியாளரின் போன் வந்தது.

"முழங்கால் நல்ல சுகம். நோவே இல்லை," என்றாள், காலையில் ஓடி வீங்கிய காலைத் தூக்கி, கதவு நிலையைப் பிடித்துக் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றபடி. போனை வைத்ததும் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். "எனக்காகச் செபியுங்கோ."

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

துவக்கை நம்பிவிட்டேன். முழங்காலைத்தான் நம்பவில்லை. இப்போது மாதாவிடம் என்ன கேட்பது, போட்டிக்கு இவளை எடுக்கட்டும் என்றா, எடுக்காமல் விடட்டும் என்றா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.