இரண்டு பேர் போட்ட வெள்ளக் கணக்கு

கணினித் திரையில் மலைபோல் ஏறி இறங்கிய அந்த நீலக் கோட்டை நானும் அக்காவும் சேர்ந்துதான் பார்த்தோம். மேற்கே பெய்த மழையில் மண் குடித்தது போக, குளங்கள் தாங்கியது போக, ஆற்றில் எவ்வளவு வரும், எப்போது உச்சத்தைத் தொடும் என்று காட்டும் கோடு அது. தூத்துக்குடியில் எங்கள் அலுவலகத்தில் இந்தக் கணக்கைப் போட நாங்கள் இரண்டு பேர்தான். அவள் நாசரேத்துக்காரி. என்னைவிடச் சில மாதங்களே மூத்தவள். ஆனாலும் எல்லோருக்கும் அவள் அக்கா, எனக்கும்தான்.

அந்த மழையில் குளங்கள் ஏற்கெனவே நிரம்பிக் கிடந்தன, இனி எதையும் தாங்காது என்று கணக்கைத் திருத்தியது நான். திருத்தியதும் கோடு, கரை தாங்கும் அளவைத் தாண்டி எழுந்தது. உடனே இருவரும் ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளக் குடியிருப்புக்குப் போனோம். நான் கனஅடி, உச்சம் என்று விளக்கினேன். ஜனங்கள் வாசலில் நின்று கேட்டார்கள், யாரும் அசையவில்லை. அக்கா ஒரு பெரியவர் பக்கத்தில் போனாள்.

"அண்ணாச்சி, பொழுது அடையதுக்குள்ள உங்க ஜன்னல் வரைக்கும் தண்ணி வந்துரும். ஆட்ட அவுத்துட்டுக் கெளம்புங்க."

அவ்வளவுதான், தெருவே கிளம்பிவிட்டது. சாயங்காலம் தண்ணீர் வந்தது. ஓர் உயிரும் போகவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு வயிறு எரிந்தது. ஜனங்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்தில் பெண்கள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததைத் தள்ளி நின்று பார்த்தேன். கணக்கைத் திருத்தியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை என்று தெரிந்தும் எரிந்தது. மேலதிகாரியிடம் அவள் என் பெயரைத்தான் முதலில் சொன்னாள். அதில் வயிறு இன்னும் எரிந்தது.

இப்போது அவள் சென்னைக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். போன மழைக்காலத்தில் கோடு மறுபடியும் எகிறியது. அதே பெரியவருக்குப் போன் செய்து கிளம்பச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தயங்கி, "அக்காட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதியளா?" என்றார்.

அக்காவைக் கூப்பிட்டேன். என் கணக்கு என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

"பொறவு என்னட்டி? நான் சொன்னேன்னே சொல்லிரு."

பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே சொன்னேன். பெரியவர் மறுபேச்சில்லாமல் சரி என்றார். மதியத்துக்குள் தெரு காலியாகிவிட்டதாகத் தகவல் வந்தது. தண்ணீர் நான் கணித்த நேரத்துக்கே வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு நன்றி சொல்லி அவர்கள் போன் போட்டதெல்லாம் சென்னைக்குத்தான்.