ஒரு டிவி, இரண்டு மாப்பிள்ளைகள்

என் மாமனார் நியாயமான மனுஷர். எங்களுக்கு வந்த வினையே அதுதான்.

சிதம்பரத்தில் அவருக்கு மளிகைக் கடை. இரண்டு பெண்களையும் ஒரே முகூர்த்தத்தில் கட்டிக்கொடுத்தார். பெரியவளைக் கட்டிய என் சகலை திட்டக்குடியில் வாத்தியார். சின்னவளைக் கட்டிய நான் கடலூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எட்டாம் வகுப்பு என்னை இரண்டு தடவை பார்த்துவிட்டு, போதும் போய்விடு என்று அனுப்பி வைத்தது.

தலை தீபாவளிக்கு ஆளுக்கொரு மோதிரம் என்று பேச்சு. மோதிரம் வேண்டாம், டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி கொடுங்கள் என்றேன் நான். கல்யாணமானவன் கேட்கிற பொருளா இது என்று மாமியார் அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். சகலை தொண்டையைச் செருமினார். "எனக்கும் அதையே குடுத்துருங்க மாமா."

அந்த நிமிஷமே வாத்தியாரை எனக்குப் பிடித்துப்போனது.

மாமனார் பாண்டிச்சேரி போய் வாங்கி வந்தார். கடையில் ஒரே மாதிரி இரண்டு கிடைக்கவில்லையாம். எனக்குப் பிளேஸ்டேஷன், சகலைக்கு எக்ஸ்பாக்ஸ். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனாலும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு மாப்பிள்ளைக்கு ஒரு கரண்டி பாயசம் கூடினால் பத்து வருஷம் பேசுகிற சனம் நாங்கள். இரண்டு பெட்டிகளையும் கடைத் தராசில் ஏற்றினார். என்னுடையது கொஞ்சம் கனம். எக்ஸ்பாக்ஸ் தட்டில் அச்சு வெல்லத்தை ஒவ்வொன்றாக வைத்து முள்ளை நேராக்கினார். அந்த வெல்லத்தையும் பெட்டியோடு சேர்த்துச் சகலையிடம் கொடுத்துவிட்டு, இப்போது சரியாகிவிட்டது என்றார்.

எது உசத்தி என்று பார்க்காமல் எங்களால் இருக்க முடியவில்லை. மாமனார் வீட்டு டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று ஒரே ஒரு வரிசை ஓட்டைகள்தான். ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் சொருக முடியும். ஆளுக்கு ஒரு ரிமோட்டுதான் வந்திருந்தது. அவருடையது என் பெட்டியில் வேலை செய்யாது, என்னுடையது அவருடையதில் செய்யாது. கேம் சிடியும் அப்படித்தான். இரண்டும் ஒரே ஜாதிப் பெட்டியாக இருந்திருந்தால் இரண்டு ரிமோட்டையும் ஒன்றில் சேர்த்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடியிருப்போம். அது கடைசி வரைக்கும் நடக்கவில்லை. ஒருவர் ஆடுவார், மற்றவர் பின்னால் உட்கார்ந்து குறை சொல்வார்.

என் ரிமோட்டை வாங்கிப் பார்த்து, கையில் இருப்பதே தெரியவில்லை, வளையல் மாதிரி லேசாக இருக்கிறது என்றார் சகலை. உங்களுடையது உரித்த தேங்காய் மாதிரி இருக்கிறது, ஆடுவதா உடைப்பதா என்று கேட்டேன். என் பெட்டியில் படம் பளிச்சென்று இருக்கும். அதை அவர் ஒப்புக்கொள்வார், பிறகு ஸ்கிரீனில் வரும் இங்கிலீஷை என்னை வாசிக்கச் சொல்வார். எனக்கு ஏது இங்கிலீஷ்? ஏதாவது கேள்வி வந்தால் வலது பக்கம் இருப்பதை அமுக்குவேன். ஒருநாள் அப்படி அமுக்கி, அதுவரை ஜெயித்ததெல்லாம் அழிந்துபோனது. வாத்தியார் சிரித்துச் சிரித்துத் தரையில் படுத்துவிட்டார். அடுப்பங்கரையில் அக்காவும் தங்கச்சியும் அதைவிடப் பெரிதாக எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பொங்கலுக்குச் சிரிப்பு கொஞ்சம் முற்றிவிட்டது. ஆட்டத்தின் நடுவில் ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. யார் பிடுங்கினார்கள் என்பது இன்றுவரை தீர்ப்பாகவில்லை. மாமனார் உள்ளே வந்தபோது இரண்டு பேர் கையிலும் ஒயர் இருந்தது.

அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசித்தார். பிறகு சொன்னார்: "இருக்கறது ஒரு டிவி. சின்ன மாப்ள தீபாவளிக்கு வாங்க. பெரிய மாப்ள பொங்கலுக்கு வாங்க. யாருக்கும் கொறையில்ல."

நாங்கள் தலையாட்டினோம். அடுப்பங்கரை வாசலில் நின்ற என் பெண்டாட்டி, "அப்ப நானும் அக்காவும்?" என்றாள்.

"அதான் டெய்லி போன்ல பேசறீங்களே" என்றேன். நான் சொன்னால் எதற்கும் சிரிக்கிற வீடு அது. அதற்கும் சிரித்தார்கள்.

அடுத்த தீபாவளிக்கு டிவி முழுக்க எனக்கே. தடுக்க ஆளில்லை, குறை சொல்லவும் ஆளில்லை. நன்றாக ஆடினால் திரும்பிப் பார்ப்பேன். மாமனார் மரியாதைக்காக உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருப்பார்.

இப்படியே இரண்டு தீபாவளி போனது. இரண்டாயிரத்துப் பதினொன்று முடியும்போது புயல் அடித்தது. கடலூரில் கம்பமெல்லாம் சாய்ந்து கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. சிதம்பரத்தில் கரண்ட் வந்துவிட்டது என்று கேட்டதும், என் முறையில்லாத பொங்கலுக்குப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கேம் பெட்டியை எடுத்துப்போகவில்லை.

சகலை எழுந்து நின்று வரவேற்றார். ரிமோட்டை என்னிடம் நீட்டினார். "நீங்க ஆடுங்க."

"இல்ல, நீங்க ஆடுங்க."

சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரிமோட்டு பாயில் கிடந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். என் பெண்டாட்டி கரண்டியை எடுக்கப் போக, அவள் அக்கா வாங்கி வைத்துவிட்டு, "நீ ஒக்காரு, பஸ்ல வந்தது களைப்பா இருக்கும்" என்றாள். இவளும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் பெண்டாட்டி, "அக்கா கண்ணாடி போட்டுருக்கா" என்றாள்.

"பாத்தேன்."

"போட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆவுதாம். டெய்லி பேசறோம். அவ சொல்லல, எனக்கும் கேக்கத் தெரியல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புதுச்சத்திரம் தாண்டியதும் கரண்ட் இல்லாத ஊர்கள் ஆரம்பித்தன.